உங்களுக்குத் தெரியுமா? 53 வெற்றி, ஆனால் அந்தத் தங்கம் இல்லை!

ஆண்கள் பனிச்சறுக்குத் தாண்டலில் உலகக் கோப்பைப் போட்டிகளை மிக அதிகமாக, 53 முறை வென்றவர் ஆஸ்திரியாவின் கிரெகோர் ஷ்லிரென்சாவர். ஒலிம்பிக்கில் அணித் தங்கம் உண்டு. தனிநபர் தங்கம் கிட்டவில்லை. அதனால் நான்கு தனிநபர் தங்கம் வென்ற சுவிட்சர்லாந்தின் சைமன் அம்மானே பெரியவர் என்பார்கள். ஆனால் ஒலிம்பிக் நான்காண்டுக்கு ஒருமுறை; காற்று சற்றே திரும்பினாலும் தாவல் கெட்டுவிடும். குளிர்காலம் முழுவதும், ஊருக்கு ஊர் மாறும் மேடைகளில் வெல்வதுதான் உரைகல். 46 வென்ற பின்லாந்தின் மட்டி நைக்கானன் காலத்தில் போட்டிகள் குறைவு என்ற மறுப்பில் நியாயம் உண்டுதான். இருந்தும், ஷ்லிரென்சாவர் 20 வயது நிறையுமுன் ஒரே பருவத்தில் (2008-09) 13 முறை வென்றதைப் போட்டிப் பெருக்கம் மட்டும் விளக்கிவிடாது. அவரது கடைசி வெற்றி 2014 டிசம்பரில், 24 வயதில். 2021இல் ஓய்வு பெறும்வரை 54ஆவது வரவில்லை.