குதிரையிலிருந்து விழுந்தவர் யார்?

கௌபாய் படம் என்றால் தாத்தா முதல் பேரன் வரை பாயை விரித்து உட்கார்ந்துவிடுவோம். கதாநாயகன் குதிரையில் பறப்பான். எதிரியின் ஆட்கள் பொத்துப் பொத்தென்று விழுவார்கள். அப்படி விழுகிறவர் யார் என்று என்றைக்காவது யோசித்ததுண்டா, வாசகர்களே?

1933இல் வந்த 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி' படத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரம்கூட ஓடாது. குறைந்த செலவில், சில நாள்களிலேயே எடுத்து முடிக்கும் சின்னப் படங்களில் ஒன்று. கதாநாயகன் ஜான் வேய்ன். வயது 26. 1930இல் நடித்த பெரிய படம் வசூலில் தோற்றதால் இப்படங்களுக்கு இறங்கி வந்திருந்தார்.

கதை தண்ணீரைப் பற்றியது. ஊர்த் தண்ணீரை ஒரு பணக்காரன் தன் கைக்குள் வைத்துக்கொண்டு விவசாயிகளை நெருக்குகிறான். தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் வரும் அரசாங்க ஆள் அவனை மடக்குகிறார். குழாயடியில் வாளியோடு காத்து நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை! ஜான் வேய்ன் இதில் பாடவும் செய்கிறார், குரல்தான் இரவல்.

இரவல் குரலோடு நிற்கவில்லை. எதிரியின் அடியாள் கூட்டத்தில் யாக்கிமா கனட் என்பவர் இருக்கிறார். ரோடியோ பந்தயங்களில் முரட்டுக் குதிரைகளை அடக்கிப் பரிசு வாங்கியவர். இந்த வரிசைப் படங்களில் அடியாளாக நடிப்பவரும் அவரே. ஆபத்தான கட்டம் வந்தால் கதாநாயகனுக்குப் பதிலாகப் பாய்பவரும் அவரே. ஆக, தம்மைத் தாமே துரத்தியிருக்கிறார்! அவருடைய நடையையும் பேச்சையும் பார்த்துத்தான் ஜான் வேய்ன் தம் பாணியை அமைத்துக்கொண்டார்.

1939இல் வந்த 'ஸ்டேஜ்கோச்' படத்தில், ஓடும் குதிரைகளுக்கு நடுவே கனட் கீழே விழுவார். குளம்புகளும் வண்டியும் அவர் மேலாகக் கடந்து போகும். உயிரோடு எழுந்தார். 1943இல் 'ஐடஹோ' என்ற சின்னப் படத்தில்தான் அந்த அதிர்ஷ்டம் கைவிட்டது. வண்டியிலிருந்து விழுந்து இரண்டு கணுக்கால்களும் முறிந்தன.

பிறகு சண்டைக் காட்சிகளை அமைத்துக் கொடுப்பதே அவர் வேலையாயிற்று. விழும்போது கால் மாட்டிக்கொண்டால் குதிரை ஆளை இழுத்துக்கொண்டே ஓடுமல்லவா? அதைத் தடுக்க, பக்கவாட்டில் திறந்த அங்கவடி ஒன்றைச் செய்தார். அதை வைத்துக்கொண்டு விழுந்தவர்கள் வீடு திரும்பினார்கள்.

சக தொழிலாளர்களைக் காக்கும் இத்தகைய கருவிகளுக்காகவும் சேர்த்து, 1967இல் அவருக்குச் சிறப்பு ஆஸ்கார் விருது தரப்பட்டது. ஜான் வேய்ன் கைக்கு ஆஸ்கார் வந்தது 1970இல்தான்.