கணவாய்க்கு இருபுறமும் இரு பறவைகள்

ஆனி பிறந்துவிட்டால் கருமத்தம்பட்டியில் கதவுகள் தாமாக அடித்துக்கொள்ளும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று அது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த இடைவெளியைப் பொருளியல் வகுப்புகளில் வணிகப் பாதையாகவே நான் கற்பித்து வந்தேன். கோவை வட்டாரத்தில் கிடைத்த ரோமானியக் காசுகளும் எடுத்துக்காட்டாக வரும். அதே இடைவெளி ஒரு சிறு பறவைக்கு மதிலாக நிற்பதை ஓய்வுபெற்ற பின்னரே அறிந்தேன்.

அப்பறவை சோலைக்கிளி. கிளி இனமன்று, மலையாளத்தில் சிறு பறவைகளைப் பொதுவாகக் ‘கிளி’ என்பார்கள். சிட்டுக்குருவி அளவே இருக்கும், நீண்ட கால்கள். உயர்மலைச் சோலைகளின் அடிப்புதரில் பூச்சி தேடித் திரியும் இது, வெயில் காயும் சமவெளியைக் கடப்பதில்லை. ஆகவே கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் வாழ்வது ஓர் இனம். தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் வாழ்வது மற்றோர் இனம். இரண்டுக்கும் முதுகும் மார்பும் நீலம். வடக்கத்தியதன் விலாவில் செம்பழுப்பு படர்ந்திருக்கும். தெற்கத்தியதில் அந்நிறம் இல்லை, வயிறு வெண்மை.

நெடுங்காலம் இவற்றை ஓரினமாகவே எண்ணி வந்தனர். 2005-இல் வெளிவந்த தெற்காசியப் பறவைக் கையேட்டில் பமீலா ராஸ்முசென் இரண்டாகப் பிரித்தார். 2017-இல் வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் உள்ளிட்டோர் மரபணுச் சான்றுடன் ‘சோலிகோலா’ என்ற புதிய பேரினத்தையே நிறுவினர். சோலை என்னும் நம் சொல் அறிவியல் பெயரில் ஏறியதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பெயர் மாற்றத்தால் என்ன பயன் என்று நண்பர் ஒருவர் கேட்டார். இரு மாவட்டங்களின் வருமானத்தைக் கூட்டிச் சராசரி கண்டால் ஏழை மாவட்டம் மறைந்துபோகும். இங்கும் அதுவே நடந்தது. தனித்தனியே கணக்கிட்ட பிறகு, பன்னாட்டுச் செம்பட்டியலில் நீலகிரிப் பறவை ‘அருகிவரும்’ நிலையிலும், தெற்குப் பறவை அதற்கு ஒருபடி குறைவான ஆபத்திலும் வைக்கப்பட்டுள்ளன. ஒன்று அழிந்தால் மற்றொன்று வந்து அவ்விடத்தை நிரப்பாது, கணவாய் விடாது.

சோலையை அழித்துத் தேயிலையும் தைலமரமும் சீகையும் நட்டது வெள்ளையர் காலத்திலேயே தொடங்கியது. விடுதலைக்குப் பின்னும் நாம் நிறுத்தவில்லை. இந்திய வன அளவை நிறுவனத்தின் ‘வனப்பரப்பு’ எண்ணில், மர நிழல் பத்து விழுக்காட்டுக்குக் குறையாத தோப்பும் சேரும். இயற்கைக் காடா, நட்ட மரமா என்ற வேறுபாடு அதில் இல்லை. நாளிதழ்த் தலைப்பில் நாம் படித்து மகிழ்வது அந்த எண்ணைத்தான். சோலை எவ்வளவு மிஞ்சியது என்பதை மலைவாரியாக, கணவாய்க்கு வடக்கு, தெற்கு எனப் பிரித்து, அந்தத் தலைப்பு எண்ணுக்குப் பக்கத்திலேயே அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.