பிரெஞ்சில் 'போவது' எப்படி?

பிரெஞ்சு மொழியில் திசையைக் காட்டும் சொற்கள் பெயருக்கு முன்னால் நிற்பவை. தமிழில் 'பாரிஸில்', 'பாரிஸுக்கு' என்று உருபு மாறினால் பொருளும் மாறும். பிரெஞ்சில் இரண்டுக்கும் 'ஆ பாரி' ஒன்றே. 'இரு' என்ற வினையோடு வந்தால் பாரிஸில். 'போ' என்ற வினையோடு வந்தால் பாரிஸுக்கு. அசைவைச் சொல்வது வினையின் வேலை. எந்த முன்னிடைச்சொல் வரவேண்டும் என்பதை இடத்தின் வகைதான் முடிவு செய்கிறது.

ஊர்களுக்கு 'ஆ' போதும், புதுச்சேரிக்கும் அதுவே. ஊர்ப் பெயரிலேயே 'ல' என்ற ஆண்பால் சுட்டு இருந்தால் 'ஆ'வும் 'ல'வும் சேர்ந்து 'ஓ' ஆகும். 'ல ஆவ்ர்' துறைமுகத்துக்குப் போகிறவர் 'ஓ ஆவ்ர்' போகிறார்.

நாடுகளில்தான் சிக்கல், ஏனென்றால் அவற்றுக்குப் பால் உண்டு. பிரான்ஸ், இந்தியா போன்ற பெண்பால் நாடுகளுக்கு 'ஆன்'. ஜப்பான், கனடா, இலங்கை போன்ற ஆண்பால் நாடுகளுக்கு 'ஓ'. பன்மைப் பெயரான அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் 'ஓ'தான். எழுத்து மட்டும் வேறு, அடுத்து உயிரொலி வருவதால் இடையில் ஒரு 'z' ஒலியும் சேரும். பிரெஞ்சு எழுத்தில் 'e'யில் முடியும் நாட்டுப் பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். மெக்சிகோ, கம்போடியா, மொசாம்பிக், ஜிம்பாப்வே விலக்கு. ஈரான், இராக் ஆண்பாலே. ஆனாலும் உயிரொலியில் தொடங்குவதால் 'ஆன்' பெறுகின்றன. தீவுகள் எந்த விதிக்கும் முழுதாக அடங்குவதில்லை: கியூபா, மால்டாவுக்கு 'ஆ', கோர்சிகா, சிசிலிக்கு 'ஆன்'. இவற்றை மனப்பாடம் செய்வதே வழி.

திரும்பி வரும்போது ஊருக்கும் பெண்பால் நாட்டுக்கும் 'த', ஆண்பால் நாட்டுக்கு 'து', பன்மைக்கு 'தே'.

ஆளிடம் போவதற்குத் தனிச்சொல் உண்டு: 'ஷே'. வீடு என்று பொருள்படும் 'காசா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மருந்துக்கடைக்கு 'ஆ', மருத்துவரிடம் 'ஷே'. பேச்சில் பிரெஞ்சுக்காரர்களே இதை மீறுவதுண்டு. இலக்கணம் அதைப் பிழை என்றே சொல்கிறது.

'வேர்' என்றால் நோக்கி, 'ஜுஸ்கா' என்றால் வரை, 'பார்' என்றால் வழியாக. புறப்படுதலைக் குறிக்கும் வினையோடு சேருமிடத்தைச் சொல்ல 'பூர்' வரும். அங்கே 'ஆ' போடுவதைப் பழைய இலக்கணக்காரர்கள் கண்டித்தாலும் இன்று அது சாதாரண வழக்கு.

அசைவின் விதத்தைச் சொல்வதிலும் வேறுபாடு உண்டு. ஆற்றை நீந்திக் கடப்பதை எடுத்துக்கொண்டால், ஆங்கிலத்தில் நீந்துதல் வினையாகி, கடத்தல் அதையொட்டிய சிறு சொல்லில் அடங்கும். பிரெஞ்சில் கடத்தலே வினை. நீந்தியது துணைத் தொடராக வரும். தமிழின் 'நீந்திக் கடந்தான்' என்பதிலும் கடத்தலே முதன்மை வினை. ஆகவே பிரெஞ்சு கற்கும் தமிழர் இந்த இடத்தில் ஆங்கிலத்தைப் பின்பற்றாமல், தமிழ் வாக்கியத்தை மனத்தில் வைத்து எழுதுவது நல்லது.