போலீஸ் வேலையை விட்டார். ஐஸ் தரையில் ஆடினார்!

"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்பார்கள். மாதச் சம்பளம் வரும் சர்க்கார் வேலையை விட்டுவிட்டு, "நான் நடனம் ஆடப் போகிறேன்" என்று மகன் சொன்னால், எந்தத் தகப்பனார் சம்மதிப்பார்?

இங்கிலாந்தில் ஒரு போலீஸ்காரர் அப்படித்தான் செய்தார். அவர் பெயர் கிறிஸ்டோபர் டீன். அவருக்கு ஜோடியாக ஆடியவர் ஜேன் டார்வில். இன்சூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த அவரும் வேலையை விட்டார்.

இருவருக்கும் சொந்த ஊர் நாட்டிங்காம். இருவரும் சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர்கள்.

ஐஸ் நடனம்

அது என்ன ஐஸ் நடனம்?

பூட்சுக்கு அடியில் கத்தி போல ஒரு எஃகுத் தகடு இருக்கும். அதை அணிந்துகொண்டு, ஐஸ் தரையில் ஆணும் பெண்ணும் சறுக்கியபடியே ஆட வேண்டும். பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கி எறியும் வித்தைகள் இதில் கிடையாது. தாளம் தவறாமல் நான்கு கால்களும் ஒன்றாக நகர வேண்டும். அதுதான் பெரிய வித்தை!

ஒலிம்பிக் பந்தயத்தில் இந்த நடனம் 1976-ம் ஆண்டுதான் சேர்க்கப்பட்டது.

ஐந்தாம் இடம்

டீனும் டார்விலும் 1975-ல் ஜோடி சேர்ந்தார்கள். வேலை பார்த்துக்கொண்டே, கிடைத்த நேரத்தில் பயிற்சி செய்தார்கள். 1980-ல் அமெரிக்காவில் நடந்த ஒலிம்பிக்கில் அவர்களுக்கு ஐந்தாம் இடம்தான் கிடைத்தது.

வேலையா? நடனமா? இரண்டில் ஒன்றை முடிவு செய்யவேண்டிய கட்டம் வந்தது. இருவரும் வேலையை விட்டார்கள். சம்பளம் நின்றது. நாட்டிங்காம் நகரசபை மானியம் கொடுத்து உதவியது.

ஊரார் கொடுத்த பணம் வீண்போகவில்லை. 1981, 1982, 1983 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர்களே உலக சாம்பியன்கள்!

18 விநாடி தந்திரம்

1984 பிப்ரவரி 14-ந் தேதி. யூகோஸ்லாவியா நாட்டின் சரஜீவோ நகரில் ஒலிம்பிக் இறுதிப் போட்டி. பிரெஞ்சு இசை மேதை ராவெல் அமைத்த "பொலேரோ" என்ற இசைக்கு அவர்கள் ஆடினார்கள். காதலர் இருவர் எரிமலையில் விழுந்து உயிர் விடும் கதை அது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. நடனம் 4 நிமிடம் 10 விநாடிக்கு மேல் போகக்கூடாது. இசையோ 4 நிமிடம் 28 விநாடி! அதற்கு மேல் குறைக்க முடியவில்லை.

டீன் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். பூட்சின் தகடு ஐசில் பட்டுச் சறுக்கத் தொடங்கிய பிறகுதான் நேரம் கணக்கிடப்படும் என்று இருந்தது. ஆகவே முதல் 18 விநாடியும் இருவரும் முழங்காலில் நின்றபடியே உடலை அசைத்து ஆடினார்கள். பிறகுதான் எழுந்து சறுக்கினார்கள்.

நடுவர்கள் ஒன்பது பேர். அதிகபட்ச மார்க்கு ஆறு. கலை அழகுக்கு ஒன்பது பேருமே ஆறு போட்டார்கள்! ஆட்டத் திறமைக்கு மேலும் மூன்று ஆறுகள் கிடைத்தன. தங்கப் பதக்கம் அவர்களுக்கே!

பத்து ஆண்டுக்குப் பின்

பிறகு அவர்கள் பணத்துக்காக ஆடும் தொழிலில் இறங்கினார்கள். அத்தகையவர்களுக்கு அப்பொழுது ஒலிம்பிக்கில் இடம் இல்லை. சட்டம் தளர்ந்ததும், 1994-ல் நார்வேயில் மீண்டும் போட்டியிட்டு வெண்கலம் பெற்றார்கள். அப்பொழுது இருவருக்கும் வயது 35-ஐத் தாண்டிவிட்டது.

ஐஸ் தரையில் காதலராக ஆடிய இவர்கள் கணவன்-மனைவி அல்ல. இருவரும் வெவ்வேறு இடத்தில் மணம் செய்துகொண்டவர்கள். ஆனாலும் ஜோடி பிரியவில்லை. 2025-ல் ஊர் ஊராகச் சென்று ஆடி, ரசிகர்களிடம் விடைபெற்றார்கள்.

ஐம்பது ஆண்டு நட்பு அது!