மூச்சுக்கும் மின்சாரத்துக்கும் நடுவே ஒரு பில்!

"கரன்ட் போச்சுன்னா என்ன? ஃபேன் நிக்கும், டி.வி. நிக்கும். அவ்வளவுதானே?" என்பீர்கள். ஆனால், மெஷின் தரும் ஆக்ஸிஜனை நம்பி ஒரு நோயாளி படுத்திருக்கும் வீட்டில்..?

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் நடந்தது இது. ஃபோலோலே முலியாகா, 44 வயது. பள்ளி ஆசிரியை, நாலு பிள்ளைகளுக்குத் தாய். கடுமையான இதய நோய். ஆஸ்பத்திரியிலிருந்து ஆக்ஸிஜன் மெஷினோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கரன்ட் பில் பாக்கி, 168 டாலர் 40 சென்ட். 2007 மே 29 அன்று மின் கம்பெனியின் ஆள் வந்து இணைப்பைத் துண்டித்தார். மெஷின் நின்றது. சில மணி நேரத்தில் அந்தத் தாயின் உயிரும் பிரிந்தது.

"மெஷினை நம்பி ஒரு நோயாளி இருப்பது எங்களுக்குத் தெரியாது" என்றது கம்பெனி. இதய நோய் ஏற்கெனவே முற்றியிருந்தது உண்மைதான். ஆனாலும் மின்சாரத்தை நிறுத்தியதும், அதனால் உண்டான மன உளைச்சலும் மரணத்துக்குத் துணை போயின என்று 2008-ல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார்.

நாடே கொதித்தது. விதிகள் மாறின. இன்று அங்கே, 'இவர் மின்சாரக் கருவியை நம்பி உயிர் வாழ்பவர்' என்று டாக்டர் சான்றளித்துப் பதிவு செய்துவிட்டால், பில் பாக்கிக்காக அந்த வீட்டின் இணைப்பைத் துண்டிக்க முடியாது. 2025-லிருந்து இது கட்டாய விதி.

நம் ஊரில்?

2003-ம் வருட மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவில் நோயாளிகளுக்கென்று தனிச் சலுகை இல்லை. ஆனால், எழுத்து மூலம் 15 நாள் நோட்டீஸ் தராமல் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. 'பில் தொகை தப்பு' என்று நினைத்தால், கேட்கும் தொகை அல்லது முந்தைய ஆறு மாத சராசரி, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டிவிட்டால் போதும். தகராறு தீரும்வரை துண்டிக்க முடியாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* டாக்டர் சான்றிதழை இணைத்து, மின்வாரிய அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 'தெரியாது' என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

* பில் கட்டும் பொறுப்பை ஒருவர் தலையில் போடாதீர்கள். அவர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிற நாளில்தான் கடைசித் தேதி மறந்துபோகும்!

* பில் கட்டினாலும் கரன்ட் போகும். ஆக்ஸிஜன் மெஷின் சுமார் 300 வாட் இழுக்கும். உங்கள் இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

* சிலிண்டருக்குக் கரன்ட் வேண்டாம். 1,500 லிட்டர் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் சுமார் 12 மணி நேரம் வரும். திருப்பும் முறையை வீட்டில் எல்லோரும் பழகிக்கொள்ளுங்கள். அருகில் விளக்கு, ஊதுவத்தி கூடவே கூடாது.

* மூச்சுத் திணறினால், "கொஞ்சம் பார்க்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

பக்கத்து வீட்டில் இப்படி ஒரு நோயாளி இருக்கிறாரா? அடுத்த முறை கரன்ட் போனதும் மெழுகுவத்தி தேடுவதற்கு முன்னால், "அம்மா எப்படி இருக்காங்க?" என்று ஒரு குரல் கொடுங்களேன்!