திரை வாங்குமுன் ஜன்னலைப் பாருங்கள்

தீபாவளி நெருங்கினால் பலகாரச் சாமான், புதுத்துணி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக நம் வீட்டுப் பட்டியலில் வந்து நிற்பது புதுத் திரைச்சீலை. கோத்தா திங்கிவாசிகள் முதலில் பட்டணத்துக் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். அங்கே மனத்துக்குப் பிடித்தது அமையாவிட்டால், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஜொகூர் பாருவுக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். எந்தக் கடையானாலும் முதல் கேள்வி, "என்ன கலர் பார்க்கிறீங்க?" என்பதுதான். நாமும் சோபாவின் நிறத்தையும் சுவரின் நிறத்தையும் நினைத்துப் பார்த்து ஒரு துணியைத் தொட்டுவிடுகிறோம்.

அந்தத் திரை தீபாவளியன்று அழகாகத்தான் இருக்கும். மறுநாள் முதல் அது வேலை செய்ய வேண்டுமே! மாலை வெயிலைத் தடுக்க வேண்டும். மழைக்காலத்து ஈரத்தைத் தாங்க வேண்டும். வெளியார் பார்வையை மறைக்க வேண்டும். காற்றை மட்டும் விட வேண்டும். ஆகவே நிறத்தைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று. ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது? ஈரமும் வெள்ளமும் அதை எட்டுமா? அந்த அறையில் யார் இருக்கிறார்கள்? இவற்றுள் மூன்றாவது கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது.

மாலை 5 மணிச் சோதனை

கோத்தா திங்கி நிலநடுக்கோட்டிலிருந்து இரண்டு டிகிரிகூட வடக்கே இல்லை. மார்ச் கடைசி வாரத்திலும் செப்டம்பர் மூன்றாவது வாரத்திலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். ஜூன் மாத நண்பகலில் அது சுமார் 22 டிகிரி வடக்கே சாய்ந்திருக்கும். டிசம்பரில் சுமார் 25 டிகிரி தெற்கே. தமிழ்நாட்டில் ஆண்டின் பெரும்பகுதி தெற்குச் சுவர்தான் வெயில் வாங்கும். இங்கே வடக்கும் தெற்கும் ஏறக்குறைய ஆறாறு மாதமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. தீபாவளி நேரத்தில் சூரியன் தெற்கே இருப்பதால் வடக்கு ஜன்னலுக்கு வெயிலே வராததுபோலத் தோன்றும். ஜூன் மாதத்தில்தான் அதன் குணம் தெரியும்.

இருந்தாலும் வடக்கு, தெற்கு ஜன்னல்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அங்கே வரும் வெயில் உயரத்திலிருந்து இறங்குவதால், கூரையின் இறவாரமோ கார் நிறுத்தும் முகப்புக் கொட்டகையோ பெரும்பகுதியைத் தடுத்துவிடும். தொல்லை தருபவை கிழக்கும் மேற்கும்தான். தாழ்வாகச் சாய்ந்து வரும் வெயிலை இறவாரத்தால் தடுக்க முடியாது. அதிலும் மேற்கு ஜன்னலுக்கு இன்னொரு சங்கதி உண்டு. 1982-ஆம் ஆண்டு தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. அதனால் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதே பகல் 1 மணி வாக்கில்தான். சாய்வெயில் 3 மணிக்கு மேல் தொடங்கி, 7 மணி வரை அறைக்குள் இருக்கும். பள்ளி விட்டு வந்த பிள்ளை பாடம் எழுதுவதும், வேலை முடித்தவர் களைத்து உட்காருவதும் அந்த நேரத்தில்தான்.

தாமான்களில் இருக்கும் வரிசை வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம். இருபக்கச் சுவரும் அண்டை வீட்டுக்காரரோடு பொதுவானவை. ஜன்னல் இருப்பது முன்புறமும் பின்புறமும் மட்டுமே. வாசல் கிழக்கு என்றால் பின்னறை கட்டாயம் மேற்குதான். எதிர்வரிசை வீட்டுக்கு இது அப்படியே தலைகீழ். எதிர்வீட்டில் அழகாக இருக்கும் திரை நமக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைக்குப் போகுமுன் ஒரு நாள் மாலை 5 மணிக்கு ஒவ்வோர் அறையிலும் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வெயில் தரையில் எவ்வளவு தூரம் விழுகிறது, கட்டில்மேல் விழுகிறதா, தொலைக்காட்சியில் பட்டுக் கண் கூசுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்கும் இதையே செய்யுங்கள். திசை தெரியாவிட்டால் கைத்தொலைபேசியில் இருக்கும் திசைகாட்டியே போதும்.

சூட்டை வெளியிலேயே நிறுத்துங்கள்

கண்ணாடி வெயிலை உள்ளே விட்டுவிடும். ஆனால் அந்த வெயிலில் சூடான தரையும் மேசையும் திரையும் வெளிவிடும் வெப்பத்தை அவ்வளவு எளிதாக வெளியே விடாது. ஆகவே, உள்ளே தொங்கும் திரை எவ்வளவு கனமாக இருந்தாலும், அது மறிப்பது ஏற்கெனவே வீட்டுக்குள் நுழைந்துவிட்ட வெயிலை. கருநீலம், அரக்கு போன்ற அடர்நிறத் துணி அந்த வெயிலைக் குடித்துக்கொண்டு அறைக்குள் சூட்டைக் கக்கும். கண்ணாடிப் பக்கம் வெள்ளை அல்லது வெளிர்நிற உள்துணி வைத்துத் தைத்தால், வெயிலில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். அறைப்பக்கம் உங்களுக்குப் பிடித்த நிறம் இருந்துவிட்டுப் போகட்டும்.

அதைவிட நல்ல வழி, மறைப்பை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுவது. நம் ஊரில் பழைய கடைவீடுகளின் முன்னாலும் கம்பத்து வீடுகளின் திண்ணையிலும் மூங்கில் பிடாய் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் சுவரையோ கண்ணாடியையோ தொடுவதற்கு முன்பே அது நிறுத்திவிடுகிறது; இடைவெளி வழியே காற்றும் வருகிறது. மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு பிடாயும் உள்ளே ஒரு மெல்லிய திரையும் இருந்தால், விலையுயர்ந்த கனத்த திரை தேவைப்படாமலே போகலாம்.

தமிழ்நாட்டில் கோடைக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டி, தண்ணீர் தெளிப்பார்கள். வறண்ட காற்று அந்த ஈரத்தை உறிஞ்சும்போது குளிர்ச்சி கிடைக்கும். அந்த உத்தி இங்கே எடுபடாது. ஜொகூர் காற்று ஏற்கெனவே ஈரம் சுமந்தது. ஈரத் தட்டி குளிர்ச்சி தருவதற்குப் பதில் பூஞ்சைதான் பிடிக்கும். மலாய்க் கம்பத்து வீடுகள் நீண்ட இறவாரத்தையும் காற்று நுழையும் மரச் சட்டங்களையும் நம்பியதற்குக் காரணம் இதுதான். இங்கே குளிர்ச்சி தருவது நிழலும் காற்றோட்டமும்தான்.

எந்த அறைக்கு எது?

முன்கூடத்துக்கு இரட்டைத் திரை நல்லது. பகலில் வெளிச்சம் விடும் மெல்லிய வலைத்துணி. இரவில் இழுத்து மூடக் கனத்த துணி. பகலில் வலைத்துணி நம்மை மறைக்கும். ஆனால் இரவில் விளக்கேற்றியதும் நிலைமை மாறிவிடும்; உள்ளே நடப்பதெல்லாம் தெருவுக்குத் தெரியும். மெல்லிய திரை மட்டும் போதும் என்று நினைப்பவர்கள், ஓர் இரவு விளக்கைப் போட்டுவிட்டு வாசலில் போய் நின்று பார்க்க வேண்டும்.

படுக்கையறையில் ஒளிபுகாத் துணி யாருக்குத் தேவை? இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவருக்கு அது வரப்பிரசாதம். அதிகாலையில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போக, மாலை வெளிச்சம் மறையுமுன்பே படுப்பவருக்கும் உதவும். மற்றவர்களுக்குச் சாதாரண உள்துணி வைத்த திரையே போதும்.

அடுக்குச் சட்டங்கள் கொண்ட வெனிஷியன் பிளைண்ட்ஸ் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வசதியானது. தாளிப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும் சமையலறைக்கு அலுமினியச் சட்டம் ஏற்றது; துடைத்தால் போய்விடும். அசல் மரச் சட்டம் ஈரத்தில் முறுக்கிக்கொள்ளக்கூடும். சுருட்டி ஏற்றும் ரோலர் பிளைண்ட்ஸ் சிறிய அறைக்கு அடக்கமாக இருக்கும். ஆனால் இறக்கிவிட்டால் காற்றையும் அடைத்துவிடும். நாக்கோ கண்ணாடி ஜன்னல் உள்ள வீட்டில் செங்குத்துப் பட்டைகள் கொண்ட வெர்ட்டிகல் பிளைண்ட்ஸ் போட்டால், காற்றடிக்கும்போதெல்லாம் படபடவென்று அடித்துக்கொள்ளும். அங்கே துணித் திரையே சௌகரியம்.

ஆற்றங்கரை ஊரில் தரையைத் தொடும் திரை

ஜொகூர் ஆறு ஓடும் ஊர் இது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தை கோத்தா திங்கி மறந்திருக்காது. 2023 மார்ச் மாதத்திலும் ஜொகூரின் பல மாவட்டங்களோடு இந்த மாவட்டமும் பாதிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். அதாவது, தீபாவளிக்குப் புதிதாக மாட்டிய திரை அடுத்து எதிர்கொள்வது மழைக்காலத்தை.

தாழ்வான இடத்தில் வீடு இருந்தால், தரையைத் தொடும் நீளத் திரை வேண்டாம். ஜன்னல் விளிம்புக்குக் கீழே ஓர் அரையடி இறங்கினால் போதும். நீளமாகத்தான் வேண்டும் என்றால், கொக்கியிலோ வளையத்திலோ மாட்டும் திரையாக வாங்குங்கள். எச்சரிக்கை வந்ததும் ஐந்து நிமிடத்தில் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய்விடலாம்.

வெள்ளம் வராத வீட்டிலும் பூஞ்சை வரும். நனைந்த துணியை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். இழுப்பு நோய், தும்மல் தொல்லை உள்ளவர்களுக்கு அது ஆகாது. பாலியெஸ்டர் கலந்த துணி சீக்கிரம் உலரும். கனத்த வெல்வெட் தூசியையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டுச் சலவை இயந்திரத்தில் துவைக்க முடியுமா என்று கேட்டு வாங்குங்கள்.

ஒரு கயிறு போதும்

இனி மூன்றாவது கேள்வி. வீட்டில் கைக்குழந்தையோ தவழும், நடக்கும் குழந்தையோ இருக்கிறதா? விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்களா? அப்படியானால் பிளைண்ட்ஸை ஏற்றி இறக்கும் கயிற்றையும் மணிச் சங்கிலியையும் பாருங்கள். வளையமாகத் தொங்கும் அந்தக் கயிறு குழந்தையின் கழுத்தில் சிக்கினால், ஒரு நிமிடத்துக்குள்ளேயே மூச்சு நின்றுவிடலாம். குழந்தையால் கத்தவும் முடியாது. பக்கத்து அறையில் இருக்கும் தாய்க்கு எந்தச் சத்தமும் கேட்காது.

அமெரிக்காவில் 2009 டிசம்பரில், குழந்தைகள் சிக்கி இறந்த சம்பவங்களைத் தொடர்ந்து, ரோமன் வகை, சுருட்டும் வகை பிளைண்ட்ஸ் சுமார் 5 கோடி திரும்ப அழைக்கப்பட்டன. 2018 டிசம்பர் முதல், அங்கே கடையில் தயாராக விற்கப்படுபவை கயிறு இல்லாதவையாகவோ, கயிறு எட்டாதவையாகவோ இருக்க வேண்டும் என்று தரவிதி வந்தது. ஆஸ்திரேலியாவில் தரையிலிருந்து 1.6 மீட்டருக்குக் கீழே கயிற்று வளையம் தொங்கக்கூடாது என்பது விதி.

நம் வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. புதிதாக வாங்குவதானால், குழந்தைகள் புழங்கும் அறைக்குக் கயிறு இல்லாத வகையைக் கேளுங்கள். அல்லது துணித் திரையே போடுங்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால், சுவரில் 1.6 மீட்டருக்கு மேலே, அதாவது ஐந்தேகால் அடிக்கு மேலே, ஒரு பிடிப்பானை அறைந்து கயிற்றைச் சுற்றி வையுங்கள். மணிச் சங்கிலியைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் கொக்கியும் உண்டு. பொருத்த வருபவரிடம் அதைப் போடச் சொல்லிவிட்டுத்தான் மிச்சப் பணத்தைக் கொடுக்க வேண்டும். தொட்டில், கட்டில், நாற்காலி எதுவும் ஜன்னலை ஒட்டி இருக்கக்கூடாது. துணித் திரையைக் கட்டி வைக்கும் நாடாவும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

சாமி மேடைக்குப் பக்கத்திலும் கவனம் தேவை. குத்துவிளக்கின் சுடர் இருக்கும் இடத்தில் காற்றில் ஆடும் திரை வேண்டவே வேண்டாம். பாலியெஸ்டர் எரியும்போது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கேஸ் அடுப்பை ஒட்டிய ஜன்னலுக்கும் இதே கதைதான்.

அளவு தவறினால் பணம் போச்சு

திரையின் கம்பி ஜன்னலைவிட இருபுறமும் அரையடி நீண்டிருந்தால், பக்கவாட்டில் வெளிச்சம் கசியாது. 6 அடி ஜன்னலுக்கு 7 அடிக் கம்பி. மடிப்பு அழகாக விழத் துணியின் அகலம் கம்பியைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். ஆக 14 அடி, அதாவது ஏறக்குறைய 4.3 மீட்டர். விலை கேட்கும்போது இந்தக் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள். விலை குறைவாகத் தெரியும் சில கடைகளில் ஒன்றரை மடங்குத் துணியே வைத்திருப்பார்கள். மூடினால் மடிப்பே இல்லாமல் விரித்த போர்வைபோல் நிற்கும்.

ஜன்னல் கம்பிக் கிராதியின் பூட்டும் கைப்பிடியும் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கின்றன என்றும் அளந்துகொள்ளுங்கள். கம்பி அதற்கு முன்னால் தள்ளி நிற்காவிட்டால் துணி தினமும் சிக்கும். நூல்துணி முதல் சலவையில் சுருங்கும். தைக்குமுன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள்.

திரை தைப்பவர்கள் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் திணறிப்போவார்கள். அவசரத்தில் அளவும் தவறும். ஒரு மாதம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கடைக்குப் போகும்போது ஒரு காகிதத்தில் ஒவ்வோர் அறைக்கும் திசை, அளவு, அங்கே படுப்பவர் யார் என்று மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். கடைக்காரர் "என்ன கலர்?" என்று கேட்டால், முதலில் அந்தக் காகிதத்தை நீட்டுங்கள்.