அணி ரயிலேறியது... ஜாக் மட்டும் ஏறவில்லை!

நம்ம ஊர் கால்பந்து அல்ல இது. பந்தைக் கையில் அணைத்தபடி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். 1941-ல் ஒரேகன் ஸ்டேட் கல்லூரி அணி, மேற்குக் கடற்கரைப் பட்டத்தை வென்று, புகழ்பெற்ற 'ரோஸ் பௌல்' ஆட்டத்துக்குத் தேர்வானது.

டிசம்பர் 7. பேர்ல் ஹார்பரில் ஜப்பான் குண்டு வீசியது. கடற்கரையோரம் பெருங்கூட்டம் கூடுவது ஆபத்து என்றது ராணுவம். கலிஃபோர்னியாவில் நடக்கவிருந்த ஆட்டம், எதிரணியான டியூக் பல்கலைக்கழகத்தின் ஊரான டர்ஹாமுக்கு மாறியது.

அணி ரயிலேறியது. ஆனால், ஜாக் யோஷிஹாராவுக்கு அனுமதி இல்லை. ஜப்பானில் பிறந்து, 3 வயதிலேயே அமெரிக்கா வந்தவர் அவர். ஜப்பானிய வம்சாவளியினர் வீட்டிலிருந்து 35 மைலுக்கு மேல் பயணிக்கக் கூடாதாம். பல்லாவரத்தில் இருப்பவரை, 'மதுராந்தகத்தைத் தாண்டாதே' என்று சொல்வதுபோல!

1942 ஜனவரி 1. ஒரேகன் 20-16 என்று வென்றது. கல்லூரியின் ஒரே ரோஸ் பௌல் வெற்றி இன்றுவரை அதுதான்.

ஜாக்? அதே ஆண்டு ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டார். படிப்பு பாதியில் நின்றது.

2008-ல், இப்படிப் படிப்பை இழந்த 42 மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் வழங்கியது. அவர்களில் ஜாக்கும் ஒருவர். அப்போது அவர் 80 வயதைத் தாண்டியிருந்தார்.